முத்திரை இல்லாத துண்டுகள்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அப்பாவின் இடது முழங்கால் மட்டும் அந்த நன்றாகவில் சேராது, அதை உனக்கு எழுதக் கூடாது என்று எனக்கு உத்தரவு, அதனால் நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. அங்கே நீயும் மருமகளும் குட்டியும் சுகம் என்று நம்பித்தான் இதைத் தொடங்குகிறேன். முன்பு நீ என்று எழுதினேன், பிறகு நீங்கள் இருவரும் என்று எழுதினேன், இப்போது மூவரும் என்று எழுதும்போது பேனாவுக்கே கொஞ்சம் தலைக்கனம் வந்துவிடுகிறது. பத்து வாரம் ஆகிவிட்டதே, கழுத்து நிற்கத் தொடங்கிவிட்டதா? தூக்கும்போது பிடரியில் கை வை, ஒரு கையில் போனும் ஒரு கையில் பிள்ளையுமாக நீ நடந்துவந்த அந்த வீடியோவை இரண்டாம் தடவை நான் பார்க்கவே இல்லை. அப்பாவோ அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து மூக்கு அப்படியே என்னுடையது என்கிறார். இந்த வீட்டில் அந்த மூக்குக்கு வேறு யாரும் போட்டிக்கு வரவில்லை, தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

போன் இருக்கும்போது இவள் எதற்குக் காகிதத்தை எடுத்தாள் என்று நீ நினைப்பாய். ஐந்து நாளாக நான் போனை எடுப்பதும் வைப்பதுமாகத்தான் இருக்கிறேன். நீ எடுத்தவுடன் ஸ்பீக்கரில் போடுவாய், இந்தப் பக்கம் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் அப்பா குறுக்கே விழுந்து அங்கே மழையா வெயிலா என்று கேட்பார், சொல்ல வந்தது தொண்டையோடு நின்றுவிடும். போன ஞாயிற்றுக்கிழமை நீ கடைக்குப் போயிருந்த நேரத்தில் மருமகள் தனியாக என்னைக் கூப்பிட்டாள். உனக்கு அது தெரியாது என்று நினைக்கிறேன், தெரிந்தாலும் அவளைத் துருவாதே. முதலில் தடுப்பூசி போட்டதைச் சொன்னாள், பிறகு வேலைக்குத் திரும்பி இரண்டு வாரம் ஆகிறது என்றாள். ஆய்வுக்கூடத்தில் பால் எடுக்க அவளுக்கு ஒதுக்கிக் கொடுத்தது உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைக்கிற அறையாம், கதவுக்குத் தாழ்ப்பாளே இல்லையாம், அவளே மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்துப் போட வைத்திருக்கிறாள். அப்படியும் யாராவது கதவைத் தட்டி நாற்காலி கேட்கிறார்களாம். பால் நாளுக்கு நாள் குறைகிறது, குட்டியின் எடை ஏறவில்லை, டாக்டர் பவுடர் சேர்க்கச் சொல்லிவிட்டார், பகலில் பார்த்துக்கொள்ளும் அம்மாள் பாட்டிலில்தான் கொடுக்கிறாள் என்று செய்தி வாசிக்கிற மாதிரி நிதானமாகச் சொல்லிக்கொண்டே வந்தவள், குரல் உடைந்து கேட்டாள், "அத்தை, நீங்க மெஷின் முன்னாடி நின்னு வேலை பாத்துக்கிட்டே இவருக்கு ரெண்டு வயசு வரைக்கும் பால் குடுத்தீங்களாமே, இவர் அடிக்கடி சொல்வார். எனக்குப் பத்து வாரத்துலயே முடியலையே, என்கிட்ட என்ன குறை?" அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா, "மனசு வெச்சா முடியும்மா" என்றேன். அதையும் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவள் "சரிங்க அத்தை" என்று வைத்துவிட்டாள். அந்தச் "சரிங்க அத்தை" இன்னும் என் காதைவிட்டு இறங்கவில்லை.

மகனே, நான் சொன்னது பொய். நீ அவளிடம் சொல்லிக்கொண்டிருப்பதும் பொய்தான், ஆனால் உன்மேல் தப்பில்லை, உனக்கு எது சொல்லப்பட்டதோ அதைத்தான் நீ சொல்கிறாய். உனக்கு நான் பால் கொடுத்தது மூன்று மாதத்துக்கும் சில நாட்கள் குறைவு. அதற்குப் பிறகு ஒரு சொட்டுக்கூடக் கொடுக்கவில்லை. எப்படி என்று எழுதுகிறேன், பதறாமல் முழுவதையும் படி, பாதியில் எழுந்துபோய் அவளைக் கூப்பிடாதே.

நீ பிறந்து ஆறாவது வாரம் நான் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்குத் திரும்பினேன். அப்போது நான் தினக்கூலி, வராத நாளுக்குக் கூலி கிடையாது, அதிக நாள் வராவிட்டால் அந்த இடத்தில் வேறு ஆள் நிற்பாள். அப்பா தூரத்தில் பாலம் கட்டுகிற இடத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து இரண்டு நாள் தூங்கிவிட்டுப் போவார். உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போவேன், அதாவது உன் வயிறு அத்தையிடம். நீ வைத்த பெயர்தானே அது, பார்க்கும்போதெல்லாம் "வயிறு நிறைஞ்சுதாடா" என்று கேட்கிறாள் என்று நாலு வயதில் வைத்தாய், அதற்குப் பிறகு அவளுடைய சொந்தப் பெயர் இந்தத் தெருவுக்கே மறந்துபோய்விட்டது. அவளுக்கு வீட்டிலேயே தையல் வேலை, உன்னைவிட எட்டு மாதம் மூத்த ஒரு பெண் குழந்தை. எங்கள் கூடத்தில் நேரத்தைக் கடிகாரத்தில் பார்க்க மாட்டோம், லோடில் பார்ப்போம். ஒரு லோடு முக்கால் மணி நேரம். மூன்றாவது லோடு சுற்றும்போதே எனக்கு மார்பு கனத்துப்போகும், நான்காவதில் வலிக்கும், ஐந்தாவது முடிந்தால் மதிய இடைவேளை. மதியம் வெளியே போய்வர எனக்கு ஒரு சீட்டு கொடுத்திருந்தார்கள், அதைக் காவலரிடம் காட்டிவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்தால் ஏழு நிமிடத்தில் வீடு, உனக்குக் கொடுத்துவிட்டு நான் சாப்பிடாமலேயே திரும்பி ஓடுவேன். கூட வேலை பார்க்கிறவர்கள் இவளுக்கு வீட்டில் என்ன புதையலா இருக்கிறது என்று கேலி செய்வார்கள். ஆனால் உன் முகத்தைப் பார்க்கும் வரைக்கும் காத்திருக்க வேண்டும் என்று உடம்புக்குத் தெரியாதே. இஸ்திரி உருளைக்குப் பக்கத்தில் நின்று விரிப்பை மடித்துக்கொண்டிருக்கும்போது வார்டிலிருந்து எந்தக் குழந்தை அழுதாலும் எனக்குச் சட்டை நனைந்துவிடும். ஆண்கள் நடுவில் நனைந்த சட்டையோடு எப்படி நிற்பது? அதனால் துவைத்து வந்த கைத்துண்டுகளில் இரண்டை மடித்து உள்ளே வைத்துக்கொள்வேன், வேலை முடிந்ததும் எடுத்து அழுக்குக் கூடையில் போட்டுவிடுவேன். அவை மறுநாள் துவைத்து வரும், யாருக்கும் நஷ்டமில்லை.

ஒருநாள் கடைசி லோடில் மெஷின் பாதியில் நின்றுவிட்டது, ஈரத்தோடு எல்லாவற்றையும் வாரிப் போட்டு, மறுபடி ஓட்டி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது, துண்டுகளை எடுக்க மறந்து அப்படியே கேட்டுக்கு வந்துவிட்டேன். அந்த மாதம் ஆஸ்பத்திரித் துணிகள் காணாமல் போகின்றன என்று கேட்டில் சோதனை வைத்திருந்தார்கள். பெண்களைச் சோதிக்க ஓர் ஆயா. அவள் என் சட்டைமேல் கை வைத்தவுடன் நிறுத்தினாள், இரண்டு துண்டையும் வெளியே எடுத்தாள், இரண்டிலும் ஆஸ்பத்திரி முத்திரை நீல மையில் பளிச்சென்று இருந்தது. துண்டு ஈரமாக இருந்ததை அவள் கையாலேயே உணர்ந்தாள், என் முகத்தைப் பார்த்தாள், அவளுக்குப் புரிந்துவிட்டது, ஆனால் அவளும் வாயைத் திறக்கவில்லை. மேற்பார்வையாளர், நாங்கள் கண்ணாடிக்காரர் என்போமே அவர், "எதுக்கும்மா எடுத்தே" என்று கேட்டார். எனக்குப் பின்னால் வரிசையில் இருபது பேர், பாதிப் பேர் ஆண்கள். ஒரே ஒரு சொல்தான் சொல்ல வேண்டும், பால். அந்தச் சொல் எனக்கு வரவில்லை மகனே. அத்தனை ஆண்களுக்கு முன்னால் என் மார்பைப் பற்றி நான் எப்படிப் பேசுவேன் என்று நாக்கு ஒட்டிக்கொண்டது. "வீட்டுல தரை துடைக்க எடுத்தேங்க" என்றேன். திருடி என்ற பெயர் எனக்கு அதைவிடச் சுலபமாக இருந்தது, யோசித்துப் பார். கண்ணாடிக்காரர் நல்ல மனிதர்தான், வேலையைவிட்டு எடுக்கவில்லை, இனிமேல் வேலை முடியும்வரை வெளியே போகக் கூடாது என்று என் மதியச் சீட்டை மட்டும் வாங்கிக் கிழித்துப் போட்டார். அதைக் கிழித்தபோது எதைக் கிழிக்கிறார் என்று அவருக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு காலையில் போனால் சாயங்காலம்தான் வீடு. பால் கட்டிக்கொண்டு கல்லாகிவிடும், காய்ச்சல் வரும், கழிப்பறையில் நின்று பீய்ச்சிக் கொட்டினால் வெளியே யாராவது தட்டுவார்கள். பழைய துணியால் மார்பை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலை பார்த்தேன். இரண்டே வாரத்தில் எல்லாம் வற்றிவிட்டது. உனக்கு டப்பா பால் வாங்கினேன், காலையில் பாட்டிலில் கலந்து வைத்துவிட்டுப் போவேன். ஒருநாள் சாயங்காலம் வந்து பார்த்தால் பாட்டில் வைத்தது வைத்தபடி இருக்கிறது, நீயோ கன்னம் உப்ப நிம்மதியாகத் தூங்குகிறாய். என்னடி இது, பிள்ளை இன்று எதுவுமே குடிக்கவில்லையா என்று அவளைக் கேட்டேன். அவள் வாயில் ஊசியைக் கவ்வியபடி, மெஷினை மிதிப்பதைக்கூட நிறுத்தாமல், "அழுதான், குடுத்தேன். இதுல என்ன கேள்வி வேண்டிக்கிடக்கு" என்றாள்.

அப்போது எனக்கு நன்றி வந்ததா என்று நீ கேட்பாய். வரவில்லை. பொறாமைதான் வந்தது, உடம்பெல்லாம் எரிகிற மாதிரிப் பொறாமை. என் பிள்ளையை என்னிடம் கேட்காமல் எப்படித் தொட்டாய் என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன், உன்னை அப்படியே வாரிக்கொண்டு வந்து கதவைச் சாத்தினேன். நீ எழுந்து அழுதாய், பாட்டிலை வைத்தால் துப்பினாய், நானும் உன்னோடு உட்கார்ந்து அழுதேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் கதவைத் தட்டவில்லை, தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள், என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் உன்னை வாங்கிக்கொண்டு என் கட்டிலிலேயே உட்கார்ந்தாள். நீ குடித்து முடித்ததும் என்னிடம் கொடுத்து, "தூங்க வைக்கிறது உன் வேலை, எனக்குத் தைக்கத் துணி கிடக்கு" என்று போய்விட்டாள். அன்றிலிருந்து நீ இரண்டு வயதை நெருங்கும்வரை அவள்தான் உனக்குப் பால் கொடுத்தாள். ஒரு பக்கம் நீ, இன்னொரு பக்கம் அவள் பெண், இருவரும் ஒருவர் முடியை ஒருவர் இழுத்துக்கொண்டு குடிப்பீர்கள். யாரிடமும் சொல்லாதே என்று நான்தான் அவளைக் கெஞ்சினேன். பெற்றவளுக்குக் கொடுக்க வக்கில்லையா என்று அப்பா வீட்டு ஆட்கள் கேட்பார்கள், எனக்கு அந்தக் கேள்விக்குப் பயம். அவள் சொல்லவே இல்லை.

பாலம் கட்டி முடித்து அப்பா வீட்டோடு வந்தபோது நீ உருண்டை உருண்டையாக இருந்தாய். அவர் பார்த்த அன்றே முடிவு செய்துவிட்டார், என் மனைவி மெஷின் முன்னால் நின்று வேலையும் பார்த்தாள், இரண்டு வயதுவரை பிள்ளைக்குப் பாலும் கொடுத்தாள் என்று. நின்று வேலை பார்த்தது நான், பால் கொடுத்தது அவள், அப்பா இரண்டு பேரையும் ஒரே ஆளாக்கிவிட்டார். தெருவில் சொன்னார், வேலையிடத்தில் சொன்னார், உன் கல்யாணத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நான் மறுக்கவில்லை, முதலில் பயத்தால் மறுக்கவில்லை, பிறகு அந்தப் புகழ்ச்சி எனக்குப் பிடித்துப்போய்விட்டது, திருடி என்று பெயர் வாங்கியவளுக்கு அது ஒரு மெடல் மாதிரி இருந்தது. உன் கல்யாணத்தில் அப்பா அதைச் சொன்னபோது வயிறு அத்தை கையில் சாப்பாட்டுத் தட்டோடு பக்கத்தில்தான் நின்றாள். யாரோ அவளிடம் நிஜமாகவா என்று கேட்டார்கள். "ஆமாமா, நானே கண்ணால பாத்திருக்கேன்" என்றாள். என் பொய்க்குச் சாட்சி சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லை, சாப்பாட்டைத்தான் பார்த்தாள். இந்த மாதிரி ஒரு மனுஷியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை மகனே.

முப்பத்தோரு வருடமாகப் பிரசவ வார்டுக்கு வெளுத்த விரிப்புகளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோய்க் கொண்டிருக்கிறேன். படித்தவர்கள் இதைப் பற்றி என்ன சொல்கிறார்களோ எனக்குத் தெரியாது, விரிப்பு மாற்றுகிறவளுக்குக் கட்டிலைச் சுற்றி நிற்பவர்கள் எல்லோரும் தெரிவார்கள். குழந்தை ஒரு தடவை வீறிட்டால் போதும், பால் பற்றவில்லை போலிருக்கிறது என்று தலைமாட்டில் ஒரு குரல் எழும், கால்மாட்டில் இன்னொன்று ஆமாம் போடும், மூன்றாவது ஆள் பையிலிருந்து டப்பாவை எடுத்துவிடுவார். பக்கத்துக் கட்டிலில் இதற்கு நேர்மாறு, உடம்பு முடியாமல் மாத்திரையில் இருக்கிறவளைப் பார்த்து இவள் என்ன தாய், பாட்டிலைக் காட்டுகிறாளே என்று முணுமுணுப்பார்கள். ஒருத்திக்கு அடுத்த வாரம் கடை திறக்க வேண்டும், ஒருத்திக்கு வீட்டில் இன்னும் இரண்டு சின்னதுகள், ஒருத்திக்குக் கதவே இல்லாத ஒற்றை அறையில் மாமனாரும் கொழுந்தனும். பெற்றவள் மட்டும் நடுவில் படுத்துக்கொண்டு எல்லோர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருப்பாள். மனசு வைத்தால் முடியும் என்று அவளிடம் சொல்வது எவ்வளவு எளிது என்று எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. எங்கள் கூடத்தில் இப்போது ஒரு பெண் இஸ்திரியில் இருக்கிறாள், சுருள்முடி என்று கூப்பிடுவோம், ஐந்து மாதக் குழந்தை. பத்தரை மணியானால் உருளையின் சத்தத்துக்கு மேல் குரல் எழுப்பி, "அக்கா, பால் எடுத்துட்டு வரேன், பத்து நிமிஷம் இதைப் பாத்துக்கோங்க" என்பாள். முதல்நாள் மெஷின்காரர் விசிலடிப்பதையே நிறுத்திவிட்டார், நான் தலையைக் குனிந்துகொண்டு துண்டை எண்ணினேன், எண்ணிக்கை தப்பியது. இப்போது மேற்பார்வை என் கையில் இருக்கிறதே, துணி அறையின் சாவியை அவளிடம் கொடுத்து உள்ளே ஒரு நாற்காலியும் போட வைத்தேன். இன்று அந்த மெஷின்காரரே பத்தரைக்கு, "நேரமாச்சும்மா, நீ போ, நான் மடிக்கிறேன்" என்கிறார். ஒரே ஒரு சொல்லை உரக்கச் சொல்லத் தெரிந்த பெண், அவ்வளவுதான். உன் மனைவியும் அதே ரகம். தாழ்ப்பாளை எழுதிக் கேட்டு வாங்கியவள், எனக்குப் போன் போட்டு "என்கிட்ட என்ன குறை" என்று நேராகக் கேட்டவள். நான் முப்பத்தோரு வருடத்தில் கேட்காததை அவள் இரண்டு வாரத்தில் கேட்டிருக்கிறாள். எனக்கு அவளைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது.

இதுவரை காலையில் எழுதியது. எழுதிக்கொண்டிருக்கும்போதே அப்பா வந்து, வக்கீல் நோட்டீஸா, இவ்வளவு பக்கம் போகிறதே என்று எட்டிப் பார்த்தார். உனக்குத் தெரிந்த பிறகு அவருக்குத் தெரிவது நியாயமில்லை என்று தோன்றியது, உட்கார வைத்துச் சொல்லிவிட்டேன். நடுவில் ஒருமுறைகூடக் குறுக்கே பேசவில்லை, எனக்கே பயமாகிவிட்டது. கடைசியில், "அப்போ இத்தனை வருஷமா நான் மைக் வெச்சுப் பொய் சொல்லியிருக்கேன்" என்றார், பிறகு, "கேட்டுல அவ்வளவு பேர் முன்னாடி நீ தனியா நின்னியா" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அவரும் வயிறு அத்தையும் பதினைந்து வருடமாக அந்த ஸ்கூட்டருக்காகச் சண்டை போடுகிறார்களே, அவள் வாசலை மறைத்து இவர் நிறுத்துவதும் அவள் அதன்மேல் ஈரத் துணியைக் காயப்போடுவதும், ஜன்னலில் பார்த்தேன், அந்த முழங்காலோடு ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டுபோய்த் தெருமுனையில் நிறுத்திவிட்டு வந்தார். சற்று நேரத்தில் அவள் பதறிப்போய் என்னிடம் வந்து, "உங்க வீட்டுக்காரருக்கு உடம்பு ஏதும் சரியில்லையா" என்று விசாரித்தாள். இல்லை, இப்போதுதான் சரியாகியிருக்கிறது என்றேன்.

இதோடு ஒரு பொட்டலம் அனுப்புகிறேன், மருமகளிடம் நீயே கொடு. பன்னிரண்டு சின்னத் துண்டுகள், நனைந்து நனைந்து நூலே மிருதுவாகிப்போன பழைய விரிப்பிலிருந்து வெட்டியவை. கழித்துப்போட்ட விரிப்புகளைக் கேட்டு, எழுதி வாங்கி, முத்திரை இருந்த ஓரங்களை வெட்டி எறிந்துவிட்டுத்தான் எடுத்தேன். நேற்று கேட்டில் காவலர் பையைத் திறந்து பார்த்து, "எதுக்கும்மா இது" என்றார். எனக்குப் பின்னால் வரிசை நின்றது. "என் மருமக பிள்ளைக்குப் பால் குடுக்கிறா, சட்டை நனையும், உள்ளே வெச்சுக்க" என்றேன். குரல் கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டது, வரிசையின் கடைசிவரை கேட்டிருக்கும். காவலர், "அப்படிங்களா, நல்லதும்மா" என்று சீட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. இவ்வளவு சின்ன விஷயத்துக்கா அன்றைக்கு என்னுடைய பால் போயிற்று என்று நினைத்து வீடுவரை அழுதுகொண்டே நடந்தேன். ஓரங்களைத் தைத்தது வயிறு அத்தை, உறுத்தக் கூடாது என்று எல்லாவற்றையும் இரண்டு தடவை மடித்துத் தைத்திருக்கிறாள். மருமகள் தொடர்ந்து கொடுப்பதாக இருந்தால் உள்ளே வைத்துக்கொள்ளட்டும், போதும் என்று நிறுத்திவிட்டால் பாட்டில் குடிக்கிற குட்டியின் வாயைத் துடைக்கட்டும், இரண்டுக்கும் ஆகும். எது என்று அவள் முடிவு செய்வாள், நீ அவள் பக்கத்தில் நில், நிற்கும்போது சும்மா நிற்காமல் பாட்டிலைக் கழுவு. நாற்காலி கேட்டுக் கதவைத் தட்டுகிறவர்கள் வரிசையில் நீயும் போய்ச் சேர்ந்துவிடாதே.

இந்தக் கடிதத்தை அவளிடம் படிக்கக் கொடுக்காதே, நீயே உட்கார்ந்து உரக்கப் படித்துக் காட்டு, கேட்டில் நடந்த இடம் வரும்போது தாவிவிடாதே. "மனசு வெச்சா முடியும்" என்று சொன்னதற்கு அத்தை மன்னிப்புக் கேட்கிறாள் என்று சொல், மனசு அவளிடம் எனக்கு இருந்ததைவிட நிறையவே இருக்கிறது என்றும் சொல். மூவரும் நீண்ட நாள் நோய்நொடி இல்லாமல் வாழ வேண்டும், குட்டி தன் அம்மாவின் வாயையும் உன் வயிறு அத்தையின் மனதையும் கொண்டு வளர வேண்டும், மூக்கு எப்படியும் அப்பாவுடையதாகிவிட்டது, அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. மறக்காமல் ஒன்று செய். இது கைக்கு வந்த பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது நான் போனை அவள் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். உன்னிடம் சொல்லிவிட்டேன் என்று அவளுக்குத் தெரியாது, தெரிந்தால் மெஷினைவிட்டு எழுந்து ஓடிவிடுவாள், அதனால் நன்றி கின்றி என்று பேச்சை ஆரம்பிக்காதே. வழக்கம்போல அவள் எடுத்த எடுப்பிலேயே அந்தக் கேள்வியைத்தான் கேட்பாள், நீயும் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றுவாய். இந்த முறை சிரிக்காதே. "நிறைஞ்சுது அத்தை" என்று பதில் சொல்.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அம்மா